சம்மதம் இல்லாமல் கையெழுத்து வேண்டாம்: மேற்கு ஆஸ்திரேலிய அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர்களுக்கு, வணக்கம்.

பில்பரா வட்டாரத்து ஜூக்கன் பள்ளத்தாக்கில் 2020 மே 24 அன்று, இரும்புத்தாதுக்காக ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் பூர்வகுடிகளின் பழங்காலக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரியோ டின்டோ மன்னிப்புக் கேட்டது, தலைமை நிர்வாகி பதவி விலகினார், நாடாளுமன்றக் குழு விசாரித்தது. சட்டம் மட்டும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பூர்வகுடி மரபிடங்களுக்கான புதிய சட்டத்தை, விவசாயிகள் எதிர்த்ததும், ஐந்தே வாரத்தில் கைவிடுவதாக அறிவித்தீர்கள். மறுபடியும் 1972 சட்டம்.

அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில்தான் 2013-இல் குகைகளை அழிக்க அனுமதி கிடைத்தது. 2014 அகழாய்வில், பலருடைய தலைமுடியைச் சேர்த்துப் பின்னிய ஒரு துண்டு வெளிவந்தது. வயது 4,000 ஆண்டு. மரபணு, அந்த மண்ணின் பூர்வகுடிகளான இன்றைய குர்ராமா, பினிகுரா மக்களோடு பொருந்தியது. 46,000 ஆண்டுகளாக மனிதர் புழங்கிய இடம் என்று தெரிந்த பிறகும், கொடுத்த அனுமதியை மறுபடி பரிசீலிக்க அன்று வழியில்லை.

2020 மே மாதம், ஜூலையில் வரும், பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நைடாக் வாரத்துக்கு அங்கே போய்வர அந்த மக்கள் கேட்டார்கள். கேட்டதால்தான், பாறையில் துளைபோட்டு நிறுவனம் வெடிமருந்து நிரப்பிவிட்டது என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. எடுப்பது ஆபத்து என்று பதில் வந்தது. ஆனால் அனுமதி வாங்காத வேறு சில இடங்களைக் காப்பாற்ற, அங்கே நிரப்பிய மருந்தை நிறுவனம் எடுக்கத்தான் செய்தது. தங்கள் முன்னோர் தங்கிய இடத்தைப் பார்க்க அனுமதி கேட்ட மூத்தவர்களுக்கு, வெடிக்கும் நாளுக்காகக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

நிறுவனம் எங்கே நின்றது பாருங்கள். சட்டம் தடுத்த இடத்தில் நின்றது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். புதுத் தகவல் கிடைத்தால் அமைச்சருக்குச் சொல்ல வேண்டும், பூர்வகுடிகளும் மேல்முறையீடு செய்யலாம் என்று திருத்தியிருக்கிறீர்கள். சரி, வரவேற்கிறேன். ஆனால் முடிவு இன்னும் அமைச்சர் கையில்தான். இரும்புத்தாது ராயல்டியை நம்பி பட்ஜெட் போடும் ஓர் அரசின் அமைச்சர், குகையின் பக்கம் நிற்பார் என்று அந்த மக்கள் எதை வைத்து நம்புவார்கள்? மன்னிப்பும் அறிக்கையும் அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

அந்த மண்ணுக்குரியவர்கள் எழுத்தில் சம்மதம் தராமல் 18-ஆம் பிரிவின் கீழ் எந்த அனுமதியும் தரக்கூடாது. இதைச் சட்டத்திலேயே எழுதுங்கள். ஏற்கெனவே கொடுத்து, இன்னும் பயன்படுத்தாத அனுமதிகளையும் அவர்களோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள். எப்போது செய்வீர்கள் என்று தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இந்த மாநிலத்தின் வாக்காளர் ஒருவர்