மலை மண்ணில் விரிசல் விட்டால் அது கோடை வெடிப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியின் மழைக்கால மண்சரிவுகள் பற்றி நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மலைப்பாதைகளின் நிலைமையை உள்ளது உள்ளபடி எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு வரி உறுத்தியது. மலை மண் களிமண் என்பதால் கோடையில் வெடிக்கிறது, அந்த வெடிப்பு வழியாக மழைநீர் இறங்கிச் சரிவை உண்டாக்குகிறது என்று அதில் இருந்தது. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வரியை நம்பி ஒருவர் தன் வீட்டுக்கு மேலே தெரியும் விரிசலை 'வெயிலுக்கு வெடித்ததுதானே' என்று விட்டுவிடக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளப்பது கரிசல் மண். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த மண்ணில் இருக்கும் களி மான்ட்மோரில்லோனைட் வகை. தண்ணீரைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காட்டு மண்ணிலும் களி நிறைய உண்டு, ஆனால் அது பெரும்பாலும் கயோலினைட். நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட் என்ற கெட்டியான பாறை. அது நெடுங்காலம் மழையில் ஊறி உளுத்து, அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கரைந்து போய்விட்டன. மிஞ்சியது கயோலினைட்டும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும்தான். இந்தக் களி அதிகம் ஊதாது, அதிகம் சுருங்காது. ஆகவே மலைச்சரிவின் மேல்விளிம்பில் நீளமாக ஒரு விரிசல் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சரிவு நகர ஆரம்பித்துவிட்டதா என்றுதான். கரிசல் காட்டில் அன்றாடம் பார்க்கும் காட்சி, மலையில் எச்சரிக்கை.

சோலை ஓரத்தில் சாலைக்காக வெட்டிய இடம் ஏதாவது இருந்தால் நின்று பாருங்கள். மேலே மக்கிய இலைச் சருகு. அதன் கீழே ஒரு முழம், சில இடங்களில் இன்னும் ஆழமாக, கருமையான மண். குளிரில் இலைதழைகள் மெதுவாக மக்குவதாலும், மக்கிய பொருளை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்வதாலும் வந்த கருமை அது. நம் மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம், அதாவது மக்கிய பொருளில் இருக்கும் கரிமம், 0.75 சதவீதத்தைத் தாண்டினாலே 'அதிகம்' என்று எழுதுவோம். சோலை மேல்மண்ணில் 5 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். கருமைக்குக் கீழே செம்மண், இல்லையென்றால் மஞ்சள் கலந்த சிவப்பு. அதற்கும் கீழே, பாறையின் வரிகள் அப்படியே தெரிந்தாலும் நகத்தால் கீறினால் உதிரும் உளுத்த பாறை. சில இடங்களில் வெள்ளையும் சிவப்பும் திட்டுத்திட்டாக, தொட்டால் வழவழக்கும் களி அடுக்கு. சரிவு வழுக்கத் தொடங்கும் இடம் பல நேரங்களில் இந்த அடுக்குகள் சந்திக்கும் எல்லைதான்.

அந்தக் கருமண்ணை ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். கையில் பொலபொலவென்று உதிரும். இதுவா களிமண் என்று தோன்றும். கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒன்றிரண்டு நிமிடம் விடாமல் பிசையுங்கள். பிசையப் பிசைய மணல்போல் நெருடியது மறைந்து, மாவாகி, விரலில் ஒட்ட ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியாத களித் துகள்களை மக்கிய பொருளும் இரும்பு ஆக்சைடும் சேர்த்துக் கட்டிச் சிறு சிறு குருணையாக வைத்திருந்ததுதான் காரணம். குருணையை உடைத்ததும் களி வெளியே வந்துவிடுகிறது. பரிசோதனைக் கூடத்திலும் இப்படித்தான். குருணையை ரசாயனம் போட்டு முழுவதும் பிரிக்காமல் அளந்தால் இந்த மண் மணல் கலந்த மண் என்று தவறான முடிவு வரும்.

இந்த மண்ணின் எல்லாக் குணமும் அந்தக் குருணைக்குள்தான் இருக்கிறது. குருணைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மழைநீர் வேகமாக இறங்குகிறது. குருணைக்குள் இருக்கும் நுண்துளைகளில் தண்ணீர் தங்கி, மழை நின்ற பிறகும் மெதுவாகக் கசிந்து ஓடைக்கு வருகிறது. களிமண் தண்ணீரை உள்ளே விடாது என்ற பொதுவான பேச்சு சோலைக்குள் செல்லாது. ஆனால் மரத்தை வெட்டி, சருகை வாரி, மேலே லாரியும் பொக்லைனும் ஏறினால் நாம் கையில் பிசைந்ததைச் சக்கரம் பிசைகிறது. குருணை நசுங்கினால் அது பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

இதே மண் விவசாயிகளை வேறு விதமாகச் சோதிக்கிறது. சுண்ணாம்புச் சத்து கரைந்துபோனதால் மண் புளித்திருக்கும். கார அமில நிலை (pH) 4.5 முதல் 5.5 வரை இருப்பது சகஜம். தேயிலைக்கு அது பிடிக்கும், கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் பிடிக்காது, அதனால்தான் புளிப்பைக் குறைக்க டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளை வாங்கிப் போடுகிறார்கள். சூப்பர் பாஸ்பேட் உரம் போட்டால் அதிலுள்ள மணிச்சத்தில் பெரும்பங்கைச் செடிக்குக் கிடைக்காமல் இரும்பும் அலுமினியமும் கட்டிப்போட்டுவிடும். மலையில் ஹைட்ரேஞ்சியா அவ்வளவு நீலமாகப் பூப்பதும் புளித்த மண்ணில் அலுமினியம் செடிக்குக் கிடைப்பதால்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வீடும் விடுதியும் கட்டச் சரிவை வெட்டுகிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் வெட்டினால் இந்த மண் இருபது அடி செங்குத்தாகக்கூட நிற்கும். ஒப்பந்ததாரர் 'பாறை மாதிரி நிற்குது சார்' என்பார். அந்த நேரத்தில் அது உண்மையும்கூட. நுண்துளைகளில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரம் துகள்களை ஒன்றோடு ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நாட்கணக்கில் பெய்து துளைகள் நிரம்பினால் அந்த இழுவை போய்விடும். நிரம்பிய தண்ணீரே துகள்களைத் தள்ளிப் பிரிக்கத் தொடங்கும். மண்ணின் எடையும் ஏறியிருக்கும். அடியைத்தான் ஏற்கெனவே வெட்டி எடுத்துவிட்டோமே, தாங்குவதற்கு என்ன இருக்கிறது? 1993 நவம்பரில் குன்னூர்–மேட்டுப்பாளையம் பாதையில் உள்ள மரப்பாலம் என்ற இடத்தில் சாலையும் ரயில் பாதையும் சேதமடைந்ததும், 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இந்தப் பருவத்தில்தான்.

தடுப்புச்சுவர் கட்டிவிட்டோமே என்கிறார்கள். தண்ணீர் வெளியேறத் துளை விடாமல், சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பாமல் கட்டினால் அது மண்ணோடு தண்ணீரையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும். துளை விட்டும் அதில் மண் அடைத்துக் கிடப்பதை எத்தனையோ சுவர்களில் பார்க்கிறேன். இதைவிட எனக்குக் கவலை தருவது வெட்டிய மண்ணைக் கீழ்ச்சரிவிலேயே கொட்டுவது. குருணை உடைந்த, வேர் பிடிப்பில்லாத அந்த மண் அடுத்த மழையில் கீழே இருப்பவர் வீட்டு வாசலுக்குத்தான் போகும்.

காடு இருந்தால் சரியவே சரியாது என்று நான் சொல்லவில்லை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது மனிதர் கைபடாத சரிவுகளும் பெயர்ந்தன. அந்த அளவு மழையை எந்த மண்ணும் தாங்காது. ஆனால் அதைவிடக் குறைந்த மழைக்கே சரிகிற இடங்களில் பெரும்பாலும் மேலேயோ அடியிலேயோ வெட்டிய தடம் இருக்கிறது. அங்கே மழையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பொக்லைன் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்ற விதி இருக்கிறது. கட்டட உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. இவை தேவைதான். ஆனால் அனுமதி கொடுக்கும் முன் அந்த மனையில் ஒரு குழி தோண்டி, கருமண் எவ்வளவு, செம்மண் எவ்வளவு, வழவழப்பான களி அடுக்கு எந்த ஆழத்தில், ஊற்று எங்கே கசிகிறது என்று பார்த்து எழுதி வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். நான்கு ஆளும் ஒரு நாளும் போதும். அந்தக் குறிப்பை மனை வாங்குபவருக்கும் காட்ட வேண்டும். தோண்டி எடுக்கும் கருமண்ணைத் தனியே குவித்து மூடி வைத்து, வேலை முடிந்ததும் அதே சரிவில் பரப்பிப் புல் நட வேண்டும். அதைக் கீழே தள்ளிவிட்டுச் சமவெளியிலிருந்து தோட்டத்துக்கு மண் வாங்கி வருபவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

அடுத்த பருவமழைக்கு முன்பாக நம் நாளிதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போட்டால் நன்றாக இருக்கும். சரிவின் தலைப்பக்கம் பிறை வடிவில் விரிசல், தெளிவாக வந்த ஊற்று திடீரெனக் கலங்குவது, இல்லாத இடத்தில் புதிதாக நீர்க்கசிவு, மரமோ மின்கம்பமோ சாய்வது, கதவு ஜன்னல் திடீரென இறுகுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வீட்டைவிட்டு வெளியேறி, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற இலவச எண்ணில் உடனே சொல்ல வேண்டும் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
மண் பரிசோதனைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்,
குன்னூர்.