ஹேண்டிங் டேக்கிங் இல்லாமல்

கம்மவான்பேட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான். இஸ்ரேலில் சைரன் அடித்தால் மமாத் என்ற வீட்டுப் பாதுகாப்பு அறைக்குள் ஓடிவிடுகிறேன் என்று நீ சொன்னதை அவள் நம்பவே இல்லை. ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கிறவள்தானே நீ என்கிறாள்.

2005-ல் இஸ்ரேல் காஸாவை விட்டு வந்தது சரியா தப்பா என்று போனில் கேட்டாய். உன் லேபில் தினமும் இதே சண்டை என்றாய். காஸாவில் இருந்த குஷ் கதீஃப் யூதக் குடியிருப்புகளிலிருந்து சின்ன வயதில் வெளியேற்றப்பட்ட அந்தப் பெண், அன்றைக்கு விட்டதன் விலைதான் 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் என்ற பாலஸ்தீன ஆயுத இயக்கம் நடத்திய தாக்குதல் என்கிறாள். எதிர் மேஜைக்காரரோ, போயிருக்கவே கூடாத இடத்தை விட்டதில் என்ன தப்பு என்கிறார். "நீங்க பட்டாளத்துக்காரர், நீங்க சொல்லுங்கப்பா" என்றாய். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை அது.

2000 மே மாதம் நான் தெற்கு லெபனானில் ஐ.நா. படையில் இருந்தேன். இந்திய பட்டாலியனுக்கு இபல் அல் சாகியில் கேம்ப். 1982-ல் உள்ளே வந்த இஸ்ரேல் பட்டாளம், எல்லையோரப் பட்டையைப் பாதுகாப்பு மண்டலம் என்று பிடித்து வைத்திருந்தது. எஸ்.எல்.ஏ. (தெற்கு லெபனான் ராணுவம்) என்ற உள்ளூர்ப் படைக்குச் சம்பளமும் அவர்களே. பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பறிகொடுக்க மாட்டோம் என்று இஸ்ரேலில் தாய்மார்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு வருஷத்தில் வெளியேறுவேன் என்று சொல்லி எஹுத் பராக் தேர்தலில் ஜெயித்துப் பிரதமரானார். ஜூலையில் கிளம்புவார்கள் என்றுதான் பேச்சு. மே 24 விடியும்போது ஒருத்தரும் இல்லை.

எஸ்.எல்.ஏ. இரண்டே நாளில் உப்பாகக் கரைந்தது. எல்லைக் கேட்டை நோக்கி கார் மேல் கார். மெத்தை, பாட்டி, குழந்தை எல்லாம் ஒரே வண்டியில். ஆறாயிரம் பேருக்கு மேல் அந்தப் பக்கம் போனார்கள். மதியத்துக்குள் ஊரெல்லாம் இஸ்ரேலை எதிர்த்துச் சண்டை போட்ட லெபனான் இயக்கமான ஹிஸ்புல்லாவின் மஞ்சள் கொடி. நாங்கள் நீலத் தொப்பியோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

பட்டாளத்தில் சாதாரண சென்ட்ரிகூட மாற்று ஆள் வராமல் போஸ்டை விட்டு நகரக் கூடாது. டார்ச் எத்தனை, தோட்டா எத்தனை என்று எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கணும். ஹேண்டிங் டேக்கிங் என்போம். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வீட்டுச் சாவிக்குக்கூட நான் அதைச் செய்யச் சொல்வேன், சிரிப்பாய். விட்டு வருவது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பதினெட்டு வருஷம் உட்கார்ந்தும் ஹிஸ்புல்லா வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. ஆனால் யாரிடம் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

காஸாவை விட்டபோது பிரதமராக இருந்த ஷரோனுக்கு இது தெரியாதா? 1982-ல் பாதுகாப்பு மந்திரியாக எகிப்துக்குத் திருப்பிக் கொடுத்த சினாயில் யாமித் என்ற இஸ்ரேலியக் குடியிருப்பை இடித்துக் காலி செய்ததே அவர்தான். எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போட எகிப்து என்று ஒரு அரசாங்கம் இருந்தது. என்னென்னவோ நடந்தும் அந்தச் சமாதான ஒப்பந்தம் நிற்கிறது. காஸா திட்டத்தை அவர் அறிவித்தது 2003 டிசம்பரில், பாலஸ்தீனத் தலைவர் அரஃபாத் உயிரோடு இருந்தபோது. பேச ஆள் இல்லை, நானே செய்கிறேன் என்றார். அரஃபாத் இறந்தார், 2005 ஜனவரியில் அவர் இடத்துக்கு அப்பாஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போதாவது கூப்பிட்டு, இந்தா பிடி என்று கொடுத்திருக்கலாம். பெயருக்கு ஏதோ பேசினார்கள், அவ்வளவுதான். எங்கள் துப்பாக்கிக்குப் பயந்து ஓடினார்கள் என்று ஹமாஸ் சொன்னபோது அதை மறுக்க அப்பாஸ் கையில் ஒன்றும் இல்லை. அடுத்த ஜனவரியில் பாலஸ்தீன நாடாளுமன்றத் தேர்தலில் 132-ல் 74 இடம் ஹமாஸுக்கு. 2007-ல் காஸா முழுக்க அவர்கள் கையில்.

இது பயங்கரவாதத்துக்குத் தெம்பு கொடுக்கும் என்று இஸ்ரேல் ராணுவத் தளபதி மோஷே யாலோனே எதிர்த்தார். அவருக்குப் பதவி நீட்டிப்பு கிடைக்கவில்லை. ஷரோன் பக்கமும் நியாயம் உண்டு. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர்கள் நடுவே எட்டாயிரம் சொச்சம் குடியேறிகளுக்கு எத்தனை காலம் பட்டாளம் காவல் நிற்கும்? 21 குடியிருப்புகளையும் காலி செய்தார். ஆனால் வானமும் கடலும் இஸ்ரேல் கையிலேயே இருந்தன. வீட்டைக் காலி பண்ணிவிட்டேன், வாசல் பூட்டு மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்றால் உள்ளே இருக்கிறவன் என்ன நினைப்பான்? அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் வாதமாக எடுத்துக்கொண்டு போகாதே. வீட்டை இழந்த பிள்ளை அது. அந்தப் பக்கம் வீடே இல்லாமல் போனவர்களையும் நீ டிவியில் பார்க்கிறாய்.

இன்னொன்று. கேம்ப் பக்கத்தில் காய்கறிக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், காலையில் ஜாத்தர் என்ற மூலிகைப் பொடி தடவிய ரொட்டியைத் தாளில் சுற்றி எனக்குக் கொடுப்பார். மகன் எஸ்.எல்.ஏ.வில் இருந்தான். அந்த மே மாதம், "நீங்களாவது இருப்பீர்களா?" என்று சைகையில் கேட்டார். தலையாட்டினேன், எதற்கு ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் கடையில் தக்காளி மட்டும் இருந்தது.

அந்த ஜனங்களில் நிறையப் பேர் கிர்யாத் ஷ்மோனா, நஹாரியா பக்கம் தங்கிவிட்டதாகக் கேள்வி. வடக்கே போனால், ரொட்டிக் கடை எதிலாவது லெபனான் அரபி பேசுகிற வயதானவரைப் பார்த்தால், கொஞ்சம் விசாரித்துப் பார். பெயர் எனக்குத் தெரியாது. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கும்.

அன்புடன்,
அப்பா