பின்பக்கத்துப் பாட்டு ஓசிச் சவாரி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் பன்னிரண்டு வருஷம் கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன் நான். ஒரு வெள்ளைக்கார ராக் பாட்டுக்குத் தமிழ்ப் பத்திரிகையில் நாலு பக்கம் ஒதுக்கியதே எனக்குச் சந்தோஷம். (வெள்ளைக்கார என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டேன். பாடிய ஃப்ரெடி மெர்குரி, ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவில் பிறந்து நம் நாட்டுப் பஞ்ச்கனியில் பள்ளிக்கூடம் படித்த பார்சி வீட்டுப் பிள்ளை. கட்டுரையில் அதைச் சரியாகவே சொல்லியிருந்தீர்கள்.)

ஆனால் ஒரு வரி மட்டும் மூன்று நாளாக மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. இசைத்தட்டின் பின்பக்கத்துப் பாட்டை எழுதிய டிரம்மர் ரோஜர் டெய்லர், மெர்குரியின் முதுகில் ஏறி ‘ஓசிச் சவாரி’ செய்து காசு பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். காசு பார்த்தது உண்மை. ஓசி என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இப்போதைய பிள்ளைகளுக்குத் தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டுதான் தெரியும், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 1975 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தில் வெளியான அந்த சிங்கிள், பக்கத்துக்கு ஒரு பாட்டு வைத்த சின்னத் தட்டு. முன்பக்கம் மெர்குரியின் பாட்டு. பின்பக்கம், காரைக் காதலிக்கிறேன் என்று டெய்லர் எழுதிப் பாடிய பாட்டு. கடைக்குப் போகிறவர் முன்பக்கம் மட்டும் போதும், பாதி விலைக்குக் கொடு என்று கேட்க முடியாது. அதனால் தட்டு விற்ற வகையில் பாட்டு எழுதியவர்களுக்குச் சேரும் பங்கு, இரண்டு பக்கத்துக்கும் சரிபாதியாகப் போனது. ரேடியோவில் ஒலிபரப்பினால் வருகிற காசு வேறு கணக்கு. அது போட்ட பாட்டுக்கு மட்டும். தன் பாட்டைப் பின்பக்கத்தில் சேர்க்கச் சொல்லி டெய்லர் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்றுகூட ஒரு கதை உண்டு. இந்தப் பங்கு விஷயத்தில் குழுவுக்குள் பல வருஷம் மனக்கசப்பு இருந்தது.

எங்கள் பக்கம் பின்பக்கத்துக்கு வேறொரு மரியாதை. கடை போடுவதற்கு முன்னால் ஒரு ரேடியோ செட்டுக்காரரிடம் எடுபிடியாக இருந்தேன். திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று மேலூர், வாடிப்பட்டிப் பக்கமெல்லாம் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறோம். ராத்திரி ரெண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்து, உறையை உருவி, வேறு தட்டு எடுத்துத் துடைத்துப் போட யாருக்கு மனசு வரும்? “டேய், அதையே திருப்பிப் போடுறா” என்பார் முதலாளி. அப்படித் திருப்பித் திருப்பிப் போட்டே, பட்டணத்தில் யாரும் சீந்தாத பாட்டு எத்தனையோ எங்கள் கிராமங்களில் மனப்பாடம் ஆனது. முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று கம்பெனிதான் முடிவு செய்யும். புளியமரத்துக் குழாய்க்கு அந்த வித்தியாசம் கிடையாது.

குவீன் பாட்டு என் கடைக்கு வந்தது 1986 வாக்கில் என்று ஞாபகம். அமெரிக்கன் கல்லூரி மாணவன் ஒருவன், சிங்கப்பூரிலிருந்து மாமா அனுப்பிய கேசட்டுகளோடு 60 நிமிஷ வெற்று கேசட் ஒன்றையும் பாட்டுப் பட்டியலையும் நீட்டினான். 60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம். நம் சினிமாப் பாட்டு என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறு, நெருக்கிப் பிடித்தால் ஏழு. அவன் பட்டியலில் பி சைடுக்குக் கடைசியாக இந்தப் பாட்டு. நீளம் 5 நிமிஷம் 55 வினாடி. நான் நாலரை நிமிஷப் பாட்டு என்று நினைத்து ஓடவிட்டேன். நாலாவது நிமிஷம் தாண்டும்போது டேப் தீர்ந்து, பட்டனும் டொக்கென்று எழும்பிவிட்டது. அரைகுறையாக நிற்பது அசிங்கமாக இருக்குமே என்று, அந்தப் பாட்டை மறுபடி பதிந்து, கடைசி ரெண்டு வினாடியில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முடித்துக் கொடுத்தேன். பெரிய கைவேலை செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

மறுநாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்றான். “என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டீங்க? கித்தார் இடி இடிக்கிறதே அதுக்கப்புறந்தாண்ணே. கடேசில ஒரு மணிச் சத்தம் வரும், அதுக்குத்தான் பாட்டே கேக்குறது.”

அவனை உட்காரவைத்து முழுப் பாட்டையும் அன்றைக்குத்தான் கேட்டேன். பியானோவில் சோகமாகத் தொடங்கி, திடீரென்று கூத்துமேடை மாதிரி பல குரல் வந்து கத்தி, பிறகு கித்தார் இடித்து, எல்லாம் அடங்கி, தூரத்தில் யாரோ கோயில் சேகண்டியை ஒரு தட்டு தட்டிய மாதிரி முடிகிறது. அந்தக் கடைசித் தட்டு யாருடையது தெரியுமா? டிரம்மர் டெய்லருடையது. நடுவில் கூட்டமாகக் கத்துகிற இடத்தில் ஒரு குரல் மட்டும் கீச்சென்று எல்லோருக்கும் மேலே ஏறிப் போகும். பெண்பிள்ளை குரல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதுவும் டெய்லர்தான். மெர்குரி, கித்தார்க்காரர் பிரையன் மே, டெய்லர் மூன்று பேரும் நாள்கணக்கில் பாடிப் பாடி, 24 தடம் கொண்ட டேப்பில் குரல்மேல் குரலாக ஏற்றியிருக்கிறார்கள். தேய்ந்த டேப் வெளிச்சத்தில் காட்டினால் மறுபக்கம் தெரிகிற அளவுக்குப் போய்விட்டதாம். டேப்போடு குடித்தனம் நடத்தியவனுக்குத்தான் அதன் அர்த்தம் புரியும். இவ்வளவு உழைத்த ஆளையா ஓசி என்பது?

இன்னொரு திருத்தம். பாட்டு இங்கிலாந்தில் ‘தொடர்ந்து 14 வாரம்’ முதலிடத்தில் இருந்தது என்று போட்டிருந்தீர்கள். தொடர்ந்து இல்லை. 1975 நவம்பர் முதல் 9 வாரம். மெர்குரி 1991 நவம்பர் 24 அன்று இறந்த பிறகு மறுபடி வெளியிட்டபோது 5 வாரம். அந்த இரண்டாவது தடவை வந்த பணம் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான அறக்கட்டளைக்குப் போனது. ஒருவேளை 14 என்ற எண் வேறு இடத்திலிருந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ. கென்னி எவரெட் என்ற லண்டன் ரேடியோ அறிவிப்பாளர், தட்டு கடைக்கு வருமுன்னே ஒரே வார இறுதியில் 14 தடவை போட்டார் என்பார்கள். ஆறு நிமிஷப் பாட்டை எந்த ரேடியோவும் போடாது என்று கம்பெனிக்காரர்கள் கையை விரித்திருந்த சமயம் அது. எங்களுக்குக் கென்னி எவரெட் என்றால் திருமங்கலம் ரூட், மேலூர் ரூட் தனியார் பஸ் டிரைவர்கள்தான். அவர்கள் ஒரு வாரம் ஒரு கேசட்டை ஓட்டினால் போதும், “காலைல பஸ்ல ஓடுச்சே, அந்தப் பாட்டு” என்று கடை வாசலில் ஆள் நிற்கும்.

நாங்கள் பதிந்து கொடுத்த ஒரு பாட்டுக்காவது எழுதியவருக்கோ இசையமைத்தவருக்கோ பத்துப் பைசா போனதில்லை. அது தப்பு என்றுகூட அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. நம் ஊர் சினிமாப் பாட்டில் இவர்களுடைய ராயல்டி உரிமையை எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி சட்டம் திருந்தியதே 2012இல்தான்.

இவ்வளவு நான் மல்லுக்கு நிற்பதற்குக் காரணம் என் மச்சான். வீட்டுக்காரியின் தம்பி. பாட்டு தேர்ந்தெடுப்பது, பதிகிற டெக்கில் சத்த லெவல் பார்ப்பது, ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து ஹெட் துடைப்பது எல்லாம் நான். கேசட் அட்டையில் பாட்டு வரிசை எழுதுவது அவர். படப்பெயர் சிவப்பு மையில், பாட்டின் முதலடி நீல மையில். கோடு போடாமலே எழுத்தெல்லாம் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அவருக்கு மாதச் சம்பளம், லாபம் எனக்கு. கடையே என் காதால்தான் ஓடுகிறது என்று அன்றைக்கு எனக்கு நினைப்பு.

1993இல் அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அட்டையும் நானே எழுதினேன். வந்தவர்கள் கேசட்டைக் கையில் வாங்கியதும் முதலில் அட்டையைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். “எழுத்துக்காரரு இல்லையாண்ணே?” செல்லூர்க்காரர் ஒருவர், “நீங்க ஒண்ணும் எழுத வேணாம், வெறும் அட்டையா குடுங்க, எம்மக எழுதிக்குவா” என்றே வாங்கிப் போனார். ஆறு மாதத்தில் வழக்கமான வாடிக்கையில் பாதியைக் காணோம். பாட்டு அதே பாட்டுதான், டெக்கும் அதே டெக்தான்.

குவீன் குழுவினர் 1989 ஆல்பத்திலிருந்து, யார் எழுதினாலும் நாலு பேர் பெயரிலும் பொதுவாகப் போடுவது என்று முடிவெடுத்தார்கள். உங்கள் கட்டுரையில் இது இல்லை. 2018இல் பாட்டு 160 கோடி தடவை இணையத்தில் ஓடிய கணக்கு இருக்கிறது, 2023இல் மெர்குரியின் பியானோ 17 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது இருக்கிறது. கையெழுத்துப் பிரதியில், தலைப்பில் ‘பொஹீமியன்’ என்பதற்குப் பதில் ‘மங்கோலியன்’ என்று முதலில் எழுதி அடித்திருந்தது வரைக்கும் விடாமல் போட்டிருக்கிறீர்கள். நாலு பேரும் பெயரைப் பொதுவாக்கிய கதைக்கு நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

கட்டுரையைப் படமெடுத்து மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே, “அன்னைக்கு ஒங்களுக்குப் பாதி குடுத்திருக்கணும் மாப்ள” என்றும் எழுதினேன். ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வந்தது: “அந்தக் காலேஜ் பையன் கேசட்டுக்கு அட்டை எழுதுனது நான்தான் மாமா. ராப்சடிக்கு இங்கிலீஷ்ல ‘H’ எழுத்த விட்டுட்டேன்னு பேனாவ வாங்கி அவனே சேத்துட்டுப் போனான். ஞாபகம் இருக்கா?”

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டிங் சென்டர்க்காரர்,
சிம்மக்கல், மதுரை.