வீட்டுக்கு முன்னால் ஊரைப் பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று வீட்டு விவரங்களையும் பார்த்தாயிற்று. சுகர்லேண்டில் முப்பது வருடப் பழைய வீடு, கேட்டி முகவரியில் ஒன்று, ரிச்மண்டுக்கு வெளியே பெயிண்ட் வாசனை போகாத புது வீடு. மூன்றும் டெக்சாஸின் ஃபோர்ட் பெண்ட் கவுண்டிதான், நம்மூர் மாவட்டம் மாதிரி. ஆனால் வரி வாங்குகிறவர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர், பக்கத்துக் காலிமனையில் என்ன வரலாம் என்று முடிவு செய்கிறவர் எல்லாம் இடத்துக்கு இடம் வேறு. சமையலறைக் கல் என்ன நிறம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"அங்கே எந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க?" என்று மாப்பிள்ளை கேட்டதற்கு ஏஜென்ட் மழுப்பிவிட்டார் என்று எழுதியிருந்தாய். அவரைக் குறை சொல்லாதே. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு இவற்றைப் பார்த்து வீடு வாங்க வருகிறவரை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவது 1968 ஃபேர் ஹவுசிங் சட்டப்படி கூடாது. "உங்க ஆளுங்க நிறைய இருக்கிற இடம்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னாலும் அதே தப்புதான். ஆகவே அந்தக் கேள்விக்கு நீங்களேதான் விடை தேட வேண்டும். தேடுவது கஷ்டமில்லை, தப்பாகப் படிப்பதுதான் சுலபம்.

சென்சஸ் தளத்தில் முகவரியைப் போட்டால் 'ட்ராக்ட்' எண் வரும். சராசரியாக 4,000 பேர் வசிக்கும் துண்டு அது. ஊர்ப் பெயரையோ ஜிப் கோடையோ வைத்துத் தேடாதே. ஏரிக்கரை மாளிகையும் அபார்ட்மென்ட் வரிசையும் ஒரே ஜிப் கோடுக்குள் கலந்து, எங்குமே இல்லாத ஒரு சராசரியைக் காட்டும். சென்சஸ் துறை மாதிரி எடுத்துக் கணக்கிடும் ஏ.சி.எஸ். ஆய்வின் ஐந்தாண்டுத் தொகுப்பில் பி03002 அட்டவணை இனவாரி எண்ணிக்கை. பி25003 சொந்த வீடா வாடகையா என்பது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் கூட்டல் கழித்தல் குறியோடு இன்னொரு எண் நிற்கும். அதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆசியர் 18 சதவீதம், பிழை 6 என்று வந்தால், உண்மை அநேகமாக 12க்கும் 24க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அடுத்த ட்ராக்டில் 21 என்பதால் அங்கே நம்மவர்கள் அதிகம் என்று முடிவுகட்ட அந்தக் கணக்கில் இடமில்லை.

மாற்றம் தெரிய வேண்டுமானால் 2014–18 தொகுப்பை 2019–23 தொகுப்போடு ஒப்பிடு. 2018–22ஐயும் 2019–23ஐயும் ஒப்பிட்டால் ஐந்தில் நான்கு வருடம் இரண்டிலும் பொது, ஒன்றும் தெரியாது. இன்னொரு குழி இருக்கிறது. 2020 சென்சஸுக்காக எல்லைகளைத் திருத்தியபோது, வேகமாக வளர்ந்த ட்ராக்டுகளைப் பிரித்துவிட்டார்கள். ரிச்மண்ட் பக்கம் பார்க்கும்போது பழைய எல்லையும் புது எல்லையும் ஒன்றுதானா என்று மேப்பில் சரிபார்க்காமல் கழித்தல் போடாதே.

இந்தக் கணக்கெல்லாம் பின்னால் நடந்து வருவது. இப்போது யார் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிய 'ஹம்டா' என்கிற வீட்டுக்கடன் விவரம் இருக்கிறது. 1975 சட்டப்படி வங்கிகள் கொடுத்தாக வேண்டியது, வருடாவருடம் ட்ராக்ட் வாரியாக வெளியாகிறது. 2018 முதல் ஆசியரை மொத்தமாகச் சொல்லாமல் இந்தியர், சீனர், வியட்நாமியர் என்று பிரித்தும் கொடுக்கிறார்கள். வீடு வாங்கக் கடன் எடுத்தவர்களை மட்டும் வடிகட்டு. மறுகடனைச் சேர்த்தால் பழைய குடிகளும் கலந்துவிடுவார்கள். ரொக்கமாக வாங்கியவர்கள் இதில் வரவே மாட்டார்கள், அதையும் நினைவில் வை.

பள்ளிக்கூடம். மூன்று வீடுகளும் மூன்று பள்ளி மாவட்டம்: ஃபோர்ட் பெண்ட், கேட்டி, லாமர். மாநிலக் கல்வித்துறையின் 'டாப்பர்' அறிக்கையை எடுத்து, மாவட்டம் முழுவதற்கும் கிண்டர்கார்டன் எண்ணிக்கையையும் பன்னிரண்டாம் வகுப்பு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. சிறியவர்கள் பெரியவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் ஊர் வயதாகிறது. வீட்டு விலைக்கு இளம் குடும்பங்கள் எட்டவில்லை. சில வருடத்தில் தொடக்கப்பள்ளிகளை இணைப்பதா மூடுவதா என்ற சண்டை வரும். தலைகீழாக இருந்தால் புதுப் பள்ளிகள் முளைக்கும், முளைக்கிறபோதெல்லாம் எல்லையைத் திருப்பி வரைவார்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயர் இந்த வருடத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள். பத்துக்கு ஒன்பது என்று தளங்கள் போடும் மதிப்பெண்ணை நம்பி ஏமாறாதே. பெரும்பாலும் அது பெற்றோரின் சம்பளத்தைத்தான் அளக்கிறது. மாநிலத்தின் ஏ முதல் எஃப் வரையிலான தரத்தில் 'ஸ்கூல் ப்ராக்ரஸ்' என்று தனிப் பிரிவு உண்டு. வாத்தியார்கள் என்ன செய்கிறார்கள் என்பது அதில்தான் கொஞ்சம் தெரியும்.

அரசியலுக்கு வருகிறேன். ஃபோர்ட் பெண்டில் 2010இல் 5,85,375 பேர், 2020இல் 8,22,779 பேர். வெள்ளையர், லத்தீனோ, கறுப்பர், ஆசியர், யாருமே பாதியைத் தொடவில்லை. 1964இல் லிண்டன் ஜான்சனுக்குப் பிறகு இந்தக் கவுண்டி ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தது 2016இல்தான். முகம் மாறினால் ஓட்டும் ஒரே பக்கம் போகும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு 2024 பதில் சொன்னது: ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் இங்கே ஜெயித்தார், குறுகிய வித்தியாசத்தில். நம் ஓட்டுக்காக இரண்டு பக்கமும் அலைகிறார்கள். 2018இல் கவுண்டியின் குடியரசுக் கட்சி விநாயகர் சதுர்த்திக்கு விளம்பரம் போட்டு, கழுதையை (ஜனநாயகக் கட்சிச் சின்னம்) வணங்குவீர்களா, யானையை (தங்கள் சின்னம்) வணங்குவீர்களா என்று கேட்டு, பிறகு மன்னிப்பும் கேட்டது. வாழ்த்துச் சொல்ல வந்த இடத்தில் வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். அதே கவுண்டியில், 2024 ஆகஸ்டில் சுகர்லேண்டில் 90 அடி அனுமன் சிலை திறந்தபோது கோயிலுக்கே வந்து எதிர்த்தவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் ஊர் என்கிறோம்.

அதிபர் தேர்தல் முடிவு உன் தெருவைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும். அதைவிட அதிகம் சொல்வது நகர மன்றத்தின் பொது விசாரணைக் குறிப்பு. கோயிலோ மசூதியோ அபார்ட்மென்டோ கட்ட அனுமதி கேட்ட ஒரு விசாரணையைத் தேடிப் பிடி, வீடியோவும் இருக்கும். "நாங்கள் யாருக்கும் எதிரி இல்லை, ட்ராஃபிக்தான் கவலை" என்று ஆரம்பிப்பார்கள். ட்ராஃபிக், பார்க்கிங், மழைநீர் வடிகால், எல்லாம் நியாயமான கேள்விகள்தான். கவனிக்க வேண்டியது, பொறியாளர் அறிக்கை வந்து அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகும் பேசுகிறவர் நிறுத்துகிறாரா என்பது. உயரத்தைக் குறைத்து, வாசலை மாற்றி, நிபந்தனையோடு அனுமதி கொடுக்கிற மன்றம் ஒரு வகை. ஒவ்வொரு கூட்டத்திலும் புதுக் காரணம் கண்டுபிடித்துத் தள்ளிவைக்கிற மன்றம் இன்னொரு வகை. வழிபாட்டு இடங்களுக்குப் பாதுகாப்பாக 2000இல் ஒரு மத்தியச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது இந்த இரண்டாவது வகையால்தான்.

இந்தச் சோதனை சுகர்லேண்ட் வீட்டுக்குப் பொருந்தும். மற்ற இரண்டுக்கும் முதலில் ஊர் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். கேட்டி என்று தபால் முகவரி இருப்பதால் கேட்டி நகரத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த முகவரிகளில் பெரும்பாலானவை நகர எல்லைக்கு வெளியேதான். மேயர் கிடையாது, போலீஸுக்குப் பதில் ஷெரிஃப். டெக்சாஸில் கவுண்டிகளுக்குப் பொதுவாக ஜோனிங், அதாவது எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று விதிக்கும் அதிகாரம், கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலிமனையில் கார் கழுவுமிடம் வந்தாலும் தடுக்க, அந்த மனைக்கென்று பத்திரக் கட்டுப்பாடு ஏதாவது இருந்தால்தான் உண்டு. உனக்கு அங்கே அரசாங்கம் என்றால் எச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கமும் 'மட்' எனப்படும் தண்ணீர்-சாக்கடை மாவட்டமும்தான். எச்.ஓ.ஏ.வின் கடைசி 12 மாதக் கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படி. வாடகைக்கு விடத் தடை, வாசலில் என்ன மாட்டலாம், எதற்கெல்லாம் அபராதம் என்பதெல்லாம் அதில் ஓரளவு தெரியும். ஊரின் குணம் அந்த அபராதப் பட்டியலில் தெரியும்.

நகர மன்றம், பள்ளி வாரியத் தேர்தல் பலவும் மே மாதம் முதல் சனிக்கிழமை நடக்கும். சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது, ஓட்டுப் போட வருகிறவர்கள் மிகக் குறைவு, சில நூறு ஓட்டு நூலகப் புத்தகம் முதல் பள்ளி எல்லை வரை எல்லாவற்றையும் மாற்றும். நீங்கள் இருவரும் இன்னும் குடியுரிமை வாங்கவில்லை, ஓட்டு இல்லை. டிரைவிங் லைசென்ஸ் ஃபாரத்தில் வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று கேட்கும், 'வேண்டாம்' என்பதைக் கவனமாகக் குறியிடு. அவசரத்தில் மாற்றிக் குறித்தால் கிரீன் கார்டுக்கே வினையாகும். ஆனால் வாரியக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. முன்கூட்டியே பெயர் கொடுத்தால் இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும்.

'நம்மாளுங்க' விஷயத்தில் என் கருத்தைக் கேட்டிருந்தாய். தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதார அறிஞர் கட்டம் போட்ட பலகையில் இரண்டு வகைக் காசுகளைக் கலந்து வைத்து நகர்த்திப் பார்த்தார். பக்கத்துக் காசுகளில் மூன்றில் ஒன்று தன் வகையாக இருந்தால் போதும், இல்லையென்றால் இடம் மாறும், அவ்வளவுதான் விதி. யாருக்கும் யார் மேலும் வெறுப்பில்லை. சில சுற்றில் பலகை இரண்டாகப் பிரிந்துவிட்டது. நீங்களும் அந்தப் பலகையில் ஒரு காசு. நம்மவர் ஒருவரும் இல்லாத பள்ளியில் குழந்தை தனியாக நிற்பது கஷ்டம். வகுப்பு முழுக்க நம்மவர் என்றால் ட்யூஷன் போட்டி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு நடுவில் இருப்பதுதான் பிடிக்கும். அதற்காகப் பத்து மைல் அதிகம் ஓட்ட மாப்பிள்ளை சம்மதிக்க வேண்டுமே.

புது வீட்டு வரியில் ஒரு கண்ணி. ஜனவரி 1 அன்று என்ன இருந்ததோ அதற்குத்தான் மதிப்பு. அன்றைக்கு வெறும் மனை என்றால் முதல் வருட வரி சொற்பமாக வரும், மாதத் தவணையும் பல நேரம் அதை வைத்தே போடப்படும். அடுத்த வருடம் வீட்டோடு சேர்த்து வரி வரும்போது வரி கட்டுவதற்காகக் கடன்காரர் தவணையோடு பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் பள்ளம் விழுந்து தவணை ஒரேயடியாக ஏறும். வரிக்காகச் சொத்து மதிப்பைக் கணிக்கும் மதிப்பீட்டு மாவட்டத்தின் தளத்தில் அதே தெருவில் இரண்டு வருடம் முன் கட்டி முடித்த வீட்டின் மொத்த வரி விகிதத்தைப் பார், மட் வரியையும் சேர்த்து. உன் வீட்டுக்கு அதுதான் வரும்.

கேட்டி வீட்டுக்குப் பிளாட் எனப்படும் மனைப்பிரிவு வரைபடத்தையும் எடு. ஓரத்தில் பொடி எழுத்தில் 'கட்டுப்படுத்திய வெள்ளம்' சூழக்கூடும் என்று பார்க்கர் அணையை ஒட்டி ஏதாவது குறிப்பு இருக்கிறதா பார். 2017 ஹார்வி புயலில் தண்ணீர் புகுந்த பிறகுதான் பலர் அந்த வரியைப் படித்தார்கள்.

ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள அனுமதிக்கும் ஆப்ஷன் காலம் முடிவதற்குள் மட் நோட்டீஸ், பிளாட், எச்.ஓ.ஏ. குறிப்பு மூன்றையும் ஸ்கேன் செய்து அனுப்பு. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா