படத்தைக் குறை சொல்லுமுன் பார்த்த அரங்கையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி வாசகர்கள் நாலு வரி, ஐந்து வரி எழுதுகிறார்கள். வார இறுதியில் பிள்ளைகளோடு எந்தப் படத்துக்குப் போவது என்று முடிவு செய்ய நம்மவர்கள் நம்புவது பெரிய விமர்சனங்களைவிட இந்த நாலு வரியைத்தான். திரையரங்குகளில் ஒலி, ஒளிக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். படம் எப்படி இருந்தது என்று எழுதும்போது, அதை எந்த அரங்கில், எந்த வடிவத்தில் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 'வசனமே கேட்கல', 'படம் முழுக்க ஒரே இருட்டு', 'காது கிழிஞ்சிடுச்சு' என்று இயக்குநர் தலையில் விழும் பழிகளில் பல, அரங்கின் மேல் விழ வேண்டியவை.

இதில் மலேசிய ரசிகர்களுக்குக் கூடுதல் பொறுப்பும் இருக்கிறது. நம் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு இப்போது அனுமதி இல்லை. 2023க்குப் பிறகு பெரிய நட்சத்திரங்களின் படங்களுக்குக்கூட முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். அப்போது நமக்கு 11.30. இங்கே எட்டு மணிக் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிறவர், மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில் டிக்டாக்கில் போடும் இருபது விநாடிப் பேச்சு, சென்னையில் முதல் காட்சி தொடங்குமுன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பல நூறு பேரின் உழைப்பைப் பற்றி உலகத்தில் முதலில் பேசுபவர்களில் ஒருவர் அவர். 'மொக்க' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை.

ஒலியைப் பற்றித்தான் அதிகம் தவறாகப் பேசப்படுகிறது. அரங்கின் ஒலிக்கருவியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் என்ற அமைப்புக்கு 0 முதல் 10 வரை எண் உண்டு. படத்தின் ஒலிக்கலவையை முடிக்கும் ஸ்டூடியோவில் அந்த எண் 7-இல் இருக்கும். அந்த நிலையில் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் சோதனை இரைச்சலுக்கு 85 டெசிபல் தரும்படி அளந்து வைப்பார்கள். அரங்கிலும் அப்படி அளந்து, அதே 7-இல் ஓட்டினால் ஒலிக்கலைஞர் கேட்டது நமக்கும் கேட்கும். 4-க்கு மேல் ஒவ்வோர் எண்ணுக்கும் சுமார் 3.3 டெசிபல் மாறும். 7-இலிருந்து 5-க்கு இறக்கினால் ஆறரை டெசிபலுக்கு மேல் போய்விடும். சண்டைக் காட்சியிலும் குத்துப்பாட்டிலும் அந்த இழப்பு யாருக்கும் தெரியாது. மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் அப்பா கடைசியாக மெல்லச் சொல்லும் வசனத்தில்தான் தெரியும். பக்கத்து இருக்கையில் பாப்கார்ன் பொட்டலம் சரசரத்தாலே அந்த வசனம் போய்விடும். 'அப்பா செத்தது மனசுல ஒட்டல' என்று எழுதுபவருக்கு, காட்சி சரியில்லையா, வசனம் காதில் விழவில்லையா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

ஏன் இறக்குகிறார்கள்? பெரும்பாலும் விளம்பரங்களால். விளம்பரங்களும் முன்னோட்டங்களும் உரக்க இருக்கும், பார்வையாளர் யாராவது புகார் செய்வார், 5-க்கோ 4.5-க்கோ இறக்குவார்கள். படம் தொடங்கும்போது மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றும் கட்டளை தானியங்கிப் பட்டியலில் விட்டுப்போயிருந்தால் முழுப் படமும் அதே அளவில் ஓடிவிடும். அரங்குகள் குறைத்துத்தான் ஓட்டுகின்றன என்று தெரிந்த தயாரிப்புத் தரப்பு, அடுத்த படத்தில் ஒலியைக் கூட்டிக் கலக்கச் சொல்கிறது. அந்தப் படம் ஒழுங்காக 7-இல் ஓடும் அரங்குக்கு வந்தால் காது வலிக்கிறது. பிறகு அங்கேயும் குறைக்கிறார்கள். இந்தச் சுழலில் அடிபடுவது வசனம்தான்.

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை வெளியான 'கங்குவா'வுக்கு நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் நாளே எல்லா ஊரிலிருந்தும் இரைச்சல் புகார். ஃபேடரை இரண்டு புள்ளி குறைக்கும்படி அரங்குகளைக் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா அறிவித்தார். படங்களின் ஒலி இப்படிப் பேசுபொருளாவது பற்றி ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டியும் வருத்தப்பட்டு எழுதினார். அடுத்த சில நாள்களில் படத்தின் நீளத்தில் 12 நிமிடங்களையும் வெட்டினார்கள். முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் ஒரே படத்தைப் பார்க்கவில்லை. ஒலியும் வேறு, நீளமும் வேறு. இருவரும் வாட்ஸ்அப் குழுவில் 'நீ சொல்றது சுத்தப் பொய்' என்று சண்டை போட்டால் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். எந்தத் தேதியில் பார்த்தோம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் சண்டைக்கே வேலையில்லை.

வசனக் குறை அரங்குடையதா, படத்துடையதா என்று கண்டுபிடிக்க ஓரளவுக்கு வழி இருக்கிறது. வசனம் ஏறக்குறைய முழுவதும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இசை இடம், வலம், சுற்றுச் சுவர்கள் என்று பரவியிருக்கும். பாட்டு பளிச்சென்று கேட்டு, வசனம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல அடங்கிக் கேட்டால், நடு ஸ்பீக்கரில் மேல்சுருதிக்கான பகுதி பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். 'ச', 'ஸ' ஒலிகள் மழுங்கியிருக்கும், கவனித்தால் பிடித்துவிடலாம். அதற்கு முன் ஓடிய விளம்பரத்தில் பேச்சு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதிலும் மழுங்கல் இருந்தால் குற்றவாளி அரங்குதான். விளம்பரத்தில் தெளிவாக இருந்து படத்தில் மட்டும் வசனம் மூழ்கினால், பின்னணி இசையை ஏற்றிக் கலந்திருக்கிறார்கள் என்று தாராளமாக எழுதலாம். உட்காரும் இடமும் முக்கியம். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவரிசையை ஒட்டித்தான் ஒலியைச் சரிபார்ப்பார்கள். கடைசி வரிசையில் ஓரச் சுவர் ஸ்பீக்கருக்கு அடியில் உட்கார்ந்தவர் ஒலிக்கலவையைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம். சுவரொட்டியில் அட்மாஸ் (கூரையிலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) என்று போட்டிருப்பதும் படத்துக்குத்தான். அந்த வசதி இல்லாத ஹாலில் அதே படம் 5.1 அல்லது 7.1 என்ற சாதாரணச் சுற்றொலி முறையில் ஓடும்.

ஒளிக்கும் அளவு உண்டு. படம் ஏதும் இல்லாத வெள்ளைத் திரையின் நடுவில் 48 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும். ஒளிப்பதிவாளரும் வண்ணம் திருத்துபவரும் அதை வைத்தே இரவுக் காட்சிகளை முடிவு செய்கிறார்கள். புரொஜெக்டரில் இருக்கும் ஸெனான் விளக்கு ஓட ஓட மங்கும். மாற்ற வேண்டிய நாளைத் தாண்டி ஓட்டினால் வெளிச்சம் பாதியாகக்கூட இறங்கும். 3டி படங்களுக்காக வெள்ளி பூசிய திரை போட்ட ஹால்களில் நடுப்பகுதி பளபளக்கும், ஓரங்கள் இருண்டு போகும். பக்கவாட்டு இருக்கையில் இது இன்னும் மோசம். 3டி படம் ஓடி முடிந்ததும் புரொஜெக்டர் முன்னால் இருக்கும் 3டி கண்ணாடியை விலக்காமல் சாதாரணப் படத்தை ஓட்டுவதும் நடக்கிறது. அப்போது வெளிச்சத்தில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடும். லேசர் புரொஜெக்டர் வைத்த ஹால்களில் விளக்கு மங்கும் தொல்லை குறைவு. ஆகவே 'ஒளிப்பதிவு ஒரே இருட்டு' என்று எழுதுமுன் பகல் காட்சியைப் பாருங்கள். வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டியே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஒளிப்பதிவாளரை விட்டுவிடுங்கள்.

நமக்கு இங்கே வேறொரு வசதி உண்டு, அதுதான் சப்டைட்டில். தமிழ் தெரிந்தவர்கள் அதைத் தொந்தரவாகத்தான் நினைக்கிறோம். ஆனால் படம் சரியாக விழுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. மலாய் எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் சரி. நடுவில் கூர்மையாக இருந்து ஓரத்தில் கசங்கினால் லென்ஸைச் சரிசெய்ய வேண்டும். கீழ்வரி பாதி வெட்டுப்பட்டாலோ, திரைக்கு வெளியே கறுப்புத் துணியில் விழுந்தாலோ, ஸ்கோப் (மிக அகலமான) படத்துக்கு ஃப்ளாட் (அகலம் குறைந்த) அமைப்பை வைத்திருக்கிறார்கள், அல்லது அதற்கு நேர்மாறாக. அப்படி ஓடினால் முகங்களும் வெட்டுப்படும். 'ஃப்ரேமிங் தெரியாத இயக்குநர்' என்று எழுதிவிடாதீர்கள்.

இனி, 'செகண்ட் ஹாஃப் லேக்'. தமிழ்ப் படம் இடைவேளையை நடுவில் வைத்தே எழுதப்படுகிறது. ஒரு பெரிய திருப்பத்தில் முதல் பாதி முடியும். மக்கள் எழுந்து தேநீர் குடித்து, பேசிவிட்டு வருவார்கள். இரண்டாம் பாதி அதனால் நிதானமாகத் தொடங்கும். இங்கே பெரும்பாலான அரங்குகளில் 'இடைவேளை' என்ற எழுத்து வந்து போகுமே தவிர படம் நிற்காது. இரண்டே முக்கால் மணி நேரம் ஒரே மூச்சில், குளிர்சாதனத்தில் உட்கார்ந்தவருக்கு அந்த நிதானம் சலிப்பாகப் படும். திரைக்கதை உண்மையிலேயே தளர்ந்திருந்தால் எந்தக் காட்சியில் என்று சொல்லுங்கள். 'நீதிமன்றக் காட்சியில் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி மூன்று சாட்சிகள் சொல்கிறார்கள்' என்று எழுதினால் படிப்பவருக்குப் பயன், படம் எடுத்தவருக்கும் பயன். ஐந்துக்கு இரண்டரை என்று மதிப்பெண் போடுவதால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. 'கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்' என்பதும் அதைச் சொல்லியதற்குச் சமம்தான்.

'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து நம் தணிக்கை வாரியம் தந்த வகைப்பாட்டையும் எழுதுங்கள். 2023 ஆகஸ்டு 1 முதல் இங்கே யு, பி12, 13, 16, 18 என்று ஐந்து வகைகள். பி12 என்றால் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம். 13, 16, 18 அப்படி அல்ல. அந்த வயது ஆகாதவர்களுக்கு அனுமதி கிடையாது. இந்தியாவில் யு/ஏ வாங்கிய படம் இங்கே 16-ஆக வரலாம். யூடியூபில் தமிழ்நாட்டு விமர்சனத்தைப் பார்த்துவிட்டு எட்டு வயதுப் பிள்ளைக்கும் டிக்கெட் வாங்கியவர்கள் வாசலில் நின்று வாதாட வேண்டிவரும். இங்கே சில காட்சிகள் வெட்டுப்படலாம், சில சொற்கள் ஊமையாக்கப்படலாம். கதை திடீரென்று தாவுவது போலத் தோன்றினால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். படம் விநாடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது. புதிய டிவிகள் நடுவில் தாமாகவே சட்டகங்களைச் செருகி, அசைவை வழுவழுப்பாக்குகின்றன. பெரிய படம்கூட நாடகத் தொடர் போலத் தெரிவது அதனால்தான். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்ற பெயரில் அது இருக்கும்; அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். வசனம் கேட்காமல் சண்டை மட்டும் அதிர்ந்தால், இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவிக்கு 5.1 ஒலி போகிறதா என்று பாருங்கள்; ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கோ பிசிஎம்முக்கோ மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். மலையாள, தெலுங்குப் படங்களைத் தமிழ் டப்பிங்கில் பார்த்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். நடிகரின் குரலைக் கேட்காமல் அவர் நடிப்பை முழுதாக எடைபோட முடியாது.

நாயகன் அறிமுகக் காட்சியைக் கைப்பேசியில் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவது கருத்துப் பகிர்வு ஆகாது. 1987ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 43ஏ பிரிவின்படி அரங்கில் படத்தைப் பதிவு செய்வது குற்றம். அபராதம் குறைந்தது 10,000 ரிங்கிட். ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது.

அரங்கில் குறை இருந்தால் முதல் பத்து நிமிடத்துக்குள் எழுந்துபோய்ச் சொல்லுங்கள். இப்போது புரொஜெக்டர் அறையில் ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. எல்லா ஹால்களும் கணினியில் தானாக ஓடுகின்றன. யாரும் போய்ச் சொல்லாவிட்டால் நிர்வாகத்துக்குத் தெரியவே தெரியாது. 'சவுண்ட் சரியில்ல' என்று மட்டும் சொன்னால் பணியாளருக்குப் புரியாது. 'நாலாம் ஹாலில் பாட்டு கேட்கிறது, வசனம் அடங்கிப்போகிறது', 'சப்டைட்டிலின் கீழ்வரி திரைக்கு வெளியே விழுகிறது' என்று சொன்னால் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஃபேடரையும் ஸ்கோப் அமைப்பையும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். விளக்கையும் ஸ்பீக்கரையும் அன்றைக்கே மாற்ற முடியாது. ஆனால் புகார் பதிவாகும், இருக்கையையோ காட்சியையோ மாற்றித் தரும்படி கேட்கவும் செய்யலாம்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வாசகர் கருத்துப் பகுதியில் பெயர், ஊரோடு சேர்த்து, பார்த்த தேதி, அரங்கு, ஹால் எண், 3டியா இல்லையா, வீட்டில் என்றால் எந்த மொழி ஒலியில் என்பதையும் கேட்டு வெளியிடுங்கள். இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
அரங்க ஒலி, ஒளிப் பராமரிப்பாளர்,
செந்தூல், கோலாலம்பூர்