முத்துசுவாமி ஐயர் நினைவுப் படிப்பகம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேலை முடிந்துவிட்டது. மதிப்பீடு ரூ. 11,50,000. ஆன செலவு ரூ. 12,38,400. இந்தக் கூடுதல் ரூ. 88,400 பற்றித்தான் டீக்கடையில் பேச்சு என்பது கமிட்டிக்கும் தெரியும். அதில் ரூ. 46,900 கரையான் அரித்த கைமரங்களுக்கும் ஒரு உத்தரத்துக்கும் போனது. ஓட்டைப் பிரித்த பிறகுதான் உள்ளே இருந்த நிலைமை தெரிந்தது. மீதி ரூ. 41,500 விளக்குத் தூணுக்கு.

தரை, சுண்ணாம்புப் பூச்சு, ஜன்னல், வயரிங், கழிப்பறை எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

இனி விளக்குத் தூண். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த முத்துசுவாமி ஐயர் தெருவிளக்கில் படித்தவர் என்பார்கள். அதனால் வாசலில் பழைய மாதிரித் தெருவிளக்கு ஒன்று வைப்பது என்று பொதுக்குழு முடிவெடுத்தது. தெருவிளக்கில் படித்த கதை எல்லாப் பெரிய மனிதர்களுக்கும் உண்டு, அதற்குப் போய்ப் பணமா என்று ஒரு மூத்த உறுப்பினர் அன்றே எழுதிக் கொடுத்தார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனாலும் ஐயர் என்றால் ஊரில் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த விளக்கு. ஏழுக்கு நான்கு என்று தீர்மானம் நிறைவேறியது.

காண்ட்ராக்டர் கொண்டுவந்து நட்டது தங்க நிறம் அடித்த ஸ்டீல் குழாய். உச்சியில் கோழிமுட்டை மாதிரி ஒரு எல்இடி பல்பு. கல்யாண மண்டப வாசலில் நிற்குமே, அதேதான். நானும் பொருளாளரும் சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அது எரிந்துகொண்டிருந்தது. ஐயர் காலமானது 1895-இல். அன்றைக்குக்கூடச் சென்னைத் தெருக்களில் மின்விளக்கு கிடையாது. அவர் படித்த காலத்தில் இருந்தது எண்ணெய் விளக்கு. இதைச் சொன்னால் காண்ட்ராக்டர், "விளக்குதானே சார் கேட்டீங்க, எரியுதா இல்லையா?" என்றார்.

பணத்தை நிறுத்தினோம். வக்கீல் நோட்டீஸ் விடுவேன் என்றார். நீதிபதி பெயரில் உள்ள கட்டடத்துக்கு முதல் வழக்கு நம்முடையதாக இருக்கட்டும் என்று துணைத் தலைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், உத்தரவுக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் 'அலங்கார விளக்குத் தூண் - 1, ரூ. 18,000' என்றுதான் இருந்தது. 'பழைய மாதிரி' என்ற சொல்லே இல்லை. தட்டச்சு செய்தது நான். கடைக்கு நேரில் போய்ப் பார்க்காமல் போனில் சரி என்றதும் நான்தான்.

ஐயர் சிறுவயதில் கிராமக் கணக்குக்கு உதவியாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் இருந்தவர். வெள்ளத்தில் உடைப்பு என்று சேதி வந்தபோது நேரில் போய்ப் பார்த்து அவர் சொன்ன விவரம் அத்தனையும் சரியாக இருந்ததால்தான் தாசில்தார் முத்துசுவாமி நாயக்கரின் கண்ணில் பட்டார் என்பார்கள். அதன் பிறகுதான் சென்னைக்குப் படிக்கப் போனது, தரங்கம்பாடியில் முன்சீப் ஆனது எல்லாம். அவர் பெயரில் நடக்கும் வேலைக்கு நான் போய்ப் பார்க்கவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை.

அதனால் ரூ. 18,000-ஐக் கொடுத்துக் கணக்கை முடித்தோம். அந்தத் தூண் இப்போது பின்புறம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்கிறது. வீணாகவில்லை. புதிய தூண் நாகப்பட்டினத்தில் பழைய இரும்புக் கடையில் எடுத்த வார்ப்பிரும்பு. நாலு பக்கமும் கண்ணாடி வைத்த பெட்டியை நம் ஊர்க் கொல்லர் செய்தார். அந்த இரும்புக் கடை செயலாளரான என் மச்சானுடையது என்று ஒரு பேச்சு. எனக்கு மச்சானே கிடையாது. தூண், பெட்டி, வண்டி வாடகை, அஸ்திவாரம் நான்குக்கும் பில் இருக்கிறது.

முதல் ராத்திரி காற்றில் இரண்டு முறை அணைந்தது. கொல்லர் பெட்டியின் அடியில் துளை போட்டுக் கம்பிவலை வைத்தார். அதற்கப்புறம் நிற்கிறது.

கல்வெட்டிலும் ஒரு இழுபறி. 'இந்தியாவின் முதல் இந்திய நீதிபதி' என்று போடச் சிலர் வற்புறுத்தினார்கள். அது தவறு. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் சம்புநாத் பண்டிட் 1863-லேயே நீதிபதி ஆகிவிட்டார். நம்மவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். இதில் என்ன குறைந்துவிட்டது? அவர் நியமனத்தை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் எதிர்த்ததற்குப் பதில் சொல்லத்தான் 1878-இல் ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 'தி இந்து'வைத் தொடங்கினார்கள். அதையும் கல்லில் பொறிக்கச் சொன்னார்கள். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டதால் அதை உள்ளே சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறோம்.

நன்கொடையாளர் பெயர்கள் வாசல் கல்லில் உள்ளன. ஒருவருக்கு எழுத்துப் பெரிது, ஒருவருக்குச் சிறிது என்ற சண்டைக்குப் பிறகு எல்லாருக்கும் ஒரே அளவு. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. சிங்கப்பூரிலிருந்து உத்தரத்துக்கான தேக்கு முழுவதையும் ஏற்ற மேலத்தெருக்காரர், அலமாரி இரண்டு கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மணலுக்குப் பணம் வாங்காத லாரி உரிமையாளர், சட்டப் புத்தகங்களைக் கட்டிக் கொடுத்தனுப்பிய மூன்று வழக்கறிஞர்கள், தினமும் வேலையாட்களுக்கு டீ கொடுத்துக் கணக்கே எழுதாத கடைக்காரர், தன் பென்ஷனில் மாதம் ஐந்நூறாகப் பதினொரு மாதம் கொடுத்த தபால்காரர், தெற்குத் தெரு மகளிர் குழுவினர், ஆளுக்கு ஒரு ரூபாய் கொண்டுவந்த 412 பள்ளிப் பிள்ளைகள். அந்த ஒரு ரூபாய் யோசனை பிள்ளைகளுடையதுதான், கமிட்டிக்குத் தோன்றவில்லை.

மொத்த வரவு ரூ. 12,29,000. பற்றாக்குறை ரூ. 9,400-ஐப் பொருளாளர் கைமாற்றாகப் போட்டிருக்கிறார். அடுத்த சந்தாவில் முதலில் அதைத் தீர்க்க வேண்டும்.

விளக்கை வாட்ச்மேன் அம்மா ஆறு மணிக்கு ஏற்றுகிறார். வெளிச்சம் போதுமா என்று கேட்கிறார்கள். போன வாரம் ஒரு பையன் அதன் கீழே பத்து நிமிஷம் புத்தகத்தை விரித்துவைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ட்யூப்லைட்டுக்குப் போய்விட்டான்.

பில்கள் எல்லாம் கோப்பில் உள்ளன. ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நான் படிப்பகத்தில் இருப்பேன். வந்து பார்க்கலாம்.

செயலாளர்