ஸ்ரூடியோ மாமாவின் லென்ஸ்

அன்பின் மச்சான்,

இங்கு எல்லோரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். மழை பிந்தி வந்தாலும் இரணைமடுக் குளம் நிரம்பியது. நெல் விலை வழக்கம்போல் அறுவடை நேரம் பார்த்து விழுந்தது. நெட்டையன் இன்னும் அந்தக் காணிக் கதையைத்தான் கதைத்துக்கொண்டிருக்கிறான். ஊர்ப் புதினம் அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்பாய். அங்கே நான்கு வரிக்கு மேல் எதையும் நீ வாசிப்பதில்லை. இது நான்கு வரியில் முடிகிற விடயமும் இல்லை.

ஸ்ரூடியோ மாமாவின் சூம் லென்ஸ் இப்போது என்னிடம் இருக்கிறது. எது என்று கேட்க மாட்டாய். எதற்காக உன் காது திருகப்பட்டதோ அதுதான். மாமி கூப்பிட்டுத் தந்தார். வவுனியாவில் மூத்த மகள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்தபடியால் தப்பியிருக்கிறது. மற்றவை போன வழி உனக்குத் தெரியும்.

விவிற்றார் சீரிஸ் 1. குவியத்தூரம் 70இலிருந்து 210 மில்லிமீற்றர் வரை இழுபடும், துவாரம் எஃப் 3.5 வரை திறக்கும் (எஃப் இலக்கம் குறையக் குறைய ஒளி கூடும்). எந்தப் பெரிய கம்பனியின் லென்ஸ் என்று நாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றோமே, விவிற்றார் அதைச் செய்யவே இல்லை. அது அமெரிக்க வியாபாரப் பெயர். செய்தவை ஜப்பானியத் தொழிற்சாலைகள். தொடரிலக்கம் 22 என்று தொடங்கினால் கினோ, 28 என்றால் கொமினே, 37 என்றால் டோக்கினா. மாமாவுடையது 22. முன்கண்ணாடி 67 மில்லிமீற்றர் பில்ரர் போடும் அளவு. உடம்பு முழுக்க உலோகம். கழுத்தில் தொங்கவிட்டால் மாலையில் பிடரி கணக்குக் கேட்கும்.

மாமாவின் கமரா கனோன் எஃப்ரிபி. வன்னிக்குள் பற்றரி வரத் தடை இருந்த காலத்திலும் அது ஓடியது, நினைவிருக்கிறதா? அதன் ஷட்டருக்கு மின்சாரமே வேண்டாம். பற்றரி ஒளியை அளக்கும் மீற்றருக்கு மட்டும்தான். மீற்றர் செத்துக் கிடந்தது, மாமா வெயிலைப் பார்த்தே கணக்குப் போட்டார். நல்ல வெயிலில் துவாரம் எஃப் 16, 100 வேகப் பிலிமுக்கு ஷட்டர் ஒரு செக்கனின் 125இல் ஒரு பங்கு. அதற்குமேல் அவருக்கு எந்தப் பாடமும் தேவைப்படவில்லை.

இந்த லென்ஸ் இத்தனை காலம் ஏன் எவருக்கும் உதவவில்லை என்பதும் ஒரு கதை. 1987இல் கனோன், லென்ஸை மாட்டும் தன் பழைய எஃப்டி பிடியைக் கைவிட்டு, ஈஎஃப் என்ற புதிய பிடிக்கு மாறியது. எஃப்டி லென்ஸ் பிலிமிலிருந்து 42 மில்லிமீற்றர் தூரத்தில் உட்கார வேண்டும். புதிய கமராக்களில் அது 44. அந்த இரண்டு மில்லிமீற்றரால் தூரக் காட்சி எதுவும் தெளியாது. நடுவில் ஒரு கண்ணாடி வைத்த அடப்ரர் (இணைப்பு வளையம்) போட்டுச் சரிக்கட்டலாம், ஆனால் அது படத்தைக் கெடுக்கும். பிறகு உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற தட்டு இல்லாத 'மிரர்லெஸ்' கமராக்கள் வந்தன. என்னுடைய சோனி ஏ7 மார்க் 2இல் அந்தத் தூரம் வெறும் 18. மிச்சமுள்ள 24 மில்லிமீற்றருக்கு ஒரு வெற்று வளையம் போதும். உள்ளே கண்ணாடி இல்லை, கம்பி இல்லை, காற்றுத்தான் இருக்கிறது. காற்றுக்குக் காசு வாங்குகிறார்கள் என்று மனைவி சொன்னாள். பதில் சொல்ல முடியவில்லை.

புதிய லென்ஸ் ஒன்று வாங்கேன் என்று நீ தொடங்குவாய். எழுபது–இருநூறு ஒன்று புதிதாக வாங்கும் காசுக்கு இங்கே பழைய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கி உழலாம். காசுதான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் படம் விழுகிற கமராவில் எனக்கு அலுப்புத் தட்டிவிட்டது.

ஆனால் இது சொன்னபடி கேட்கிற சாமான் இல்லை. முதலில் கமராவுக்கே தன்னில் லென்ஸ் மாட்டியிருப்பது தெரியாது. லென்ஸ் இல்லாமலும் படமெடு என்று மெனுவுக்குள் போய் அனுமதி கொடுக்க வேண்டும். அடப்ரரில் உள்ள பூட்டு வளையத்தைத் திருப்பாவிட்டால் துவாரம் எப்போதும் முழுதாய்த் திறந்தே நிற்கும். தெளிவான விளிம்புகளைச் சிவப்பாகக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. 210இல் அதை நம்பாதே. முகம் முழுக்கச் சிவந்திருக்கும், கண் மட்டும் மங்கலாக இருக்கும். உருப்பெருக்கிப் பார்த்து இமை மயிரில் போக்கஸ் வைத்தால்தான் படம். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் பொறி கமராவுக்குள் இருக்கிறது, ஆனால் குவியத்தூரத்தை நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும். சூம் லென்ஸில் அது ஒவ்வொரு இழுப்புக்கும் மாறுகிறதே! 200 என்று சொல்லிவிட்டு 70இல் எடுத்தால், இல்லாத நடுக்கத்தையும் சேர்த்துத் திருத்தி அதுவே படத்தை ஆட்டிவிடும். நான் அதை நிறுத்திவிட்டு ஷட்டரைக் கூட்டி வைத்துக்கொள்கிறேன்.

என்னை அதிகம் வதைத்தது வேறொன்று. மாமா எப்படி எடுப்பார்? 210க்குக் கொண்டுபோய்க் கண்ணில் போக்கஸ் வைப்பார். பிறகு தேவையான அகலத்துக்கு வருவார், போக்கஸைத் தொடவே மாட்டார். நல்ல பழைய சூமின் இலட்சணம் அதுதான். நானும் அப்படியே செய்தேன். 210இல் கத்தி, 70இல் கஞ்சி. லென்ஸ் பழுதாகிவிட்டதென்று நெட்டையன் தீர்ப்பே சொல்லிவிட்டான். குற்றம் அடப்ரரில். தூரக் காட்சி தப்பிவிடக் கூடாதென்று அதைச் செய்பவர்கள் வேண்டுமென்றே ஒரு மயிரிழை மெல்லியதாகச் செய்கிறார்கள். அந்தப் பிழையை 210இல் போக்கஸ் வளையத்தைத் துளி திருப்பிச் சரிசெய்துவிடலாம். 70இல் அதே பிழைக்குக் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு திருப்ப வேண்டும். திருகாணிகளைக் கழற்றி, வளையத்தின் இரு பாதிகளுக்கும் நடுவே மெல்லிய தகடு வெட்டிவைத்து, மாற்றி மாற்றிப் பார்த்து ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. சிரிக்காதே.

இன்னொரு குணமும் உண்டு. கொக்குக்கு மேல்நோக்கிப் பிடித்தால் சூம் தானாக வழுகும். பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டி, வழுகும் உறைக்கும் உடம்புக்கும் இடையில் மாட்டியிருக்கிறேன். ஒட்டுக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கொண்டுபோனேன். அம்மனுக்குக் கடல் நீரில் எரியும் விளக்கையும் சுற்றியிருந்த முகங்களையும் தள்ளி நின்றே எடுத்தேன். சூமின் எந்த நீளத்திலும் எஃப் 3.5 குறையாது என்பது இரவில்தான் புரியும். நேராக விளக்கு விழுந்தால் படத்தின் மறுபக்கம் பச்சையாய் ஒரு பேய் விளக்கு எரியும். உள்ளே அத்தனை கண்ணாடிகள், ஒவ்வொரு பரப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி எறிகிறது. வெயிலில் வெள்ளை வேட்டியின் ஓரம் ஊதாவாகும். எஃப் 8க்கு மூடினால் பெரும்பாலும் அடங்கும்.

ஒரு சின்னப் பூஞ்சணம் முன்கண்ணாடிக்குப் பின்னால் சிலந்தி வலைபோல் இருக்கிறது. படத்தில் தெரியவில்லை, ஆனால் விட்டால் கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும். மாரி வருவதற்குள் திறந்து துடைக்க வேண்டும். தோலுறையை எறிந்துவிட்டேன், ஈரத்தைப் பிடித்துவைப்பது அதுதான். இப்போது இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருக்கிறேன்.

இனித்தான் நான் எழுத வந்தது. படங்களை மாமிக்குக் காட்டப் போயிருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார், வடிவாக இருக்கிறது என்றார். பிறகு, "இவரை ஒருவரும் எடுக்கவில்லையே தம்பி" என்றார். ஊர் முழுக்கப் படமெடுத்த மனிதர், மச்சான். எடுத்திருந்த ஒன்றிரண்டும் 2009இல் மற்றச் சாமான்களோடு போய்விட்டன. சுவரில் தொங்குவது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. யாரோ ஒரு கடையில் மீசையைக் கறுப்பாக்கி, பின்னால் நீலம் பூசிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கே அவரைத் தெரியவில்லை.

முள்ளியவளை விளையாட்டுப் போட்டியன்று நீ கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி அவரையே ஒன்று அடித்தாயே. பிலிமை வீணாக்கினாய் என்று காதைத் திருகிவிட்டு, பிறகு பிரதி போட்டு உன்னிடமே தந்தார். அதைக் கொழும்புக்குக் கொண்டுபோனாய் என்பது நிச்சயம். ரொறன்ரோவுக்கு வந்ததா?

இருந்தால், அல்பத்திலிருந்து இழுத்துப் பிய்க்காதே. ஒட்டும் தாள் என்றால் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்குக் கீழே மெல்ல அறுத்துக்கொண்டு போ. வராவிட்டால் தாளோடு வைத்தே ஸ்கான் செய். தொலைபேசியால் படமெடுத்து அனுப்பாதே. 1200 டிபிஐயில் வேண்டும், பின்பக்கத்தையும் சேர்த்து. அவர் ஏதாவது எழுதியிருப்பார். எந்தக் கடையிலும் கொடுத்து முகத்தைத் 'திருத்த' விடாதே.

மாமியிடம் நான் இதைப்பற்றி வாய் திறக்கவில்லை. உன்னிடம் இல்லையென்றால் அவர் ஏன் எதிர்பார்த்து ஏமாற வேண்டும்? இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் முதலில் எழுது. லென்ஸைப் பற்றி என்னை நக்கலடிப்பதைப் பிறகு வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கூட்டாளி